மாட்டியோ, மாற்றியோ

குமுளி ரோட்டில் ஜீப் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பான். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான். பெயர் ராஜசேகர். டூரிஸ்ட்டுகளை ஏலத்தோட்டம், வியூ பாயின்ட் என்று ஏற்றி இறக்குவது தொழில். வெளியில் என்ன பீற்றிக்கொண்டாலும், என் வீட்டில் வண்டியைப் பற்றிக் கடைசி வார்த்தை பேசுகிற உரிமை எனக்குக் கிடையாது. அது என் மனைவி மாரீஸ்வரியிடம் இருக்கிறது.

எங்கள் ஊர் ஆனைக்கரை, கேரளப் பக்கம். இங்கே உள்ள ஏலக்காய் விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு சர்வீஸ் வேன் உண்டு. உறுப்பினர்களின் காய் உலர்த்துகிற ட்ரையர், மருந்தடிக்கிற மோட்டார், தண்ணீர் பம்பு, எது நின்றுபோனாலும் அந்த வேன் போக வேண்டும். வேனின் பின்பக்கத்தில் பேட்டரி, இன்வெர்ட்டர், கம்ப்ரஸர், விளக்குகள் எல்லாம் வரிசையாக இருக்கும். போகிறவர்கள் இரண்டு பேர். மெக்கானிக் வேலைக்கு டிஜோ என்கிற மலையாளி. வேனை ஓட்டுவதற்கும் கரன்ட் வேலைக்கும் மாரீஸ்வரி.

அவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். படித்த சர்ட்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துவிட்டு, சங்கத்துக் கொட்டகையில் பல வருஷம் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது வேனை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஃப்யூஸ் போனால் அவர் புதிது வாங்க மாட்டார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகிவிட்டு, "ஓடுதா இல்லையா?" என்பார். ஓடத்தான் செய்தது. ஒருநாள் கொட்டகைக்குள் காய் வாசனையை மீறிக்கொண்டு ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. மற்ற பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். மாரீஸ்வரி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வேனின் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வேனோடு கொட்டகையும் போயிருக்கும். அந்த ஆளைச் சங்கம் வீட்டுக்கு அனுப்பியது. வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் தற்காலிகமாக நீ பார் என்று வேனை இவளிடம் கொடுத்தார்கள்.

அந்தத் தற்காலிகம் வருஷக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. சங்கத்துக் கமிட்டியில் சங்கையா என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் ஆள்தான், தமிழர்தான். கூட்டம் போட்டால் முதலில் டீயைக் கேட்பார், அடுத்ததாக, "அந்த வேனுக்கு ஒரு ஆம்பள ஆளப் பாக்கச் சொன்னேனே, என்னாச்சு?" என்பார். ஏதாவது ஒரு சின்னப் பிசகு நடந்தால் வேன் கையை விட்டுப் போய்விடும் என்பது மாரீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அதனால் பயந்து பயந்து வேலை செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குப் பயம் என்பதே சரியாக வராது. கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்தை நான் அனுபவித்திருக்கிறேன். சீசன் சமயத்தில் என் ஜீப்பின் ஹாரன் ஃப்யூஸ் போய்விட்டது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் வேண்டும். டூரிஸ்ட்டுகளோ அதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என்னிடம் மஞ்சள் ஃப்யூஸ் ஒன்றுதான் இருந்தது. அதைச் செருகப் போனபோது வேனில் வந்துகொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள். ரோட்டிலேயே வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏங்க, இதுல என்ன கலர் இருந்துச்சு?"

"செவப்பு. எங்கிட்ட வேற செவப்பு இல்ல. மஞ்சளும் ஃப்யூஸ்தானே?"

"செவப்பு பத்து ஆம்பியர். மஞ்சள் இருபது. பத்து தாங்குற ஒயருக்கு இருபதப் போட்டா ஃப்யூஸ் போகாது, ஒயரு போகும். ஒயரு போனா இந்தா உக்காந்துருக்காகளே, இவுகளோட சேந்து நீங்களும் போவீக. எடுங்க கைய."

டூரிஸ்ட்டுகளுக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. ஹாரனுக்குப் போகிற ஒயர் எங்கோ உரசி வெளியே தெரிவதைக் கண்டுபிடித்து, டேப் சுற்றி, தன் டப்பாவிலிருந்து சிவப்பு ஃப்யூஸ் எடுத்து மாட்டிவிட்டுப் போனாள். அந்த டப்பா வேறு ஒன்றுமில்லை, எங்கள் வீட்டுப் பழைய அஞ்சறைப்பெட்டி. கடுகு இருந்த இடத்தில் சிவப்பு, சீரகம் இருந்த இடத்தில் நீலம், மிளகு இருந்த இடத்தில் மஞ்சள், வெந்தயம் இருந்த இடத்தில் பச்சை. எனக்கு வீட்டில் ரசம் வைக்கத் தனியாக பிளாஸ்டிக் டப்பா வாங்கித் தந்திருக்கிறாள்.

அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. ஃப்யூஸ் போனால் முதலில் சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும். அது எந்தச் சாமானுக்குப் போகிற ஃப்யூஸோ அந்தச் சாமானின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஏன் போனது என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் அதே கலரில் புதியது. அதுவும் போனால் மூன்றாவது கிடையாது, வேலையை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவாள். இன்வெர்ட்டருக்கு ஃப்யூஸ் இல்லை, தானாக விழுந்துவிடுகிற பிரேக்கர் பட்டன் இருக்கிறது. அது விழுந்தால் உடனே அமுக்க மாட்டாள். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து ஒரே ஒரு தடவை அமுக்குவாள். திரும்பவும் விழுந்தால் கையெடுத்துவிடுவாள். சுற்றி நிற்கிற தோட்டக்காரர்கள் "இன்னொரு தடவ அமுக்கிப் பாரேன்" என்று கெஞ்சுவார்கள். "அது வேணாம்னு சொல்லுது, நீங்க வேணும்கிறீக. நான் யார் பேச்சக் கேக்க?" என்பாள்.

டிஜோவும் அவளும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். அவன் இவளைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு மலையாளத்தில் கேட்பான், இவள் தமிழில் பதில் சொல்வாள். அவனுக்குத் தமிழ் தெரியும், இவளுக்கு மலையாளம் தெரியும். இருந்தாலும் அவரவர் வாய்க்கு எது வருகிறதோ அதில் பேசிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான். கடையில், பஸ்ஸில், பஞ்சாயத்து ஆபீஸில், எங்கேயும் இதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

வந்தது, போன ஆடி மழையில். சுருளியம்மாள் என்று ஒரு விவசாயி. அவரது ட்ரையரின் பர்னரில் கரி அடைத்துக்கொண்டு, பச்சைக் காய் அப்படியே ஈரத்தில் கிடக்கிறது என்று போன் வந்தது. இரண்டு பேரும் போனார்கள். வேனைத் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி, கம்ப்ரஸரை ஓட்டிக் காற்றடித்துக் கரியை ஊதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கம்ப்ரஸர் நின்றுபோனது. பச்சை ஃப்யூஸ் போய்விட்டது.

மாரீஸ்வரி வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்தாள். காரணம் தேடினாள். காற்று வருகிற குழாயின் முனையில் கரி அடைத்திருந்தது. ஓ, இதனால் மோட்டார் திணறியிருக்கிறது என்று நினைத்து, முனையைச் சுத்தம் செய்துவிட்டு, ஓட்டுகிற சீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஃப்யூஸ் பெட்டியில் புதுப் பச்சையை மாட்டினாள். அதே சமயத்தில் டிஜோ வேனின் மறுபக்கக் கதவைத் திறந்து உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். சாக்குச் சணல் ஒன்று கம்ப்ரஸரின் பெல்ட்டுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் மூடியைக் கழற்றினான். கையை உள்ளே விட்டால்தான் சணலை எடுக்க முடியும். விவரமானவன், உடனே விடவில்லை. ஃப்யூஸை எடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டு விடலாம் என்று நினைத்தான்.

மலையாளத்தில் ஒன்றை எடுத்துவிடுவதை, அகற்றுவதை, 'மாற்றுக' என்பார்கள். அவர்கள் வாயில் அந்த 'ற்ற' நம் 'ட்ட' மாதிரியே விழும். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டிஜோ அந்தப் பக்கமிருந்து கத்தினான்.

"சேச்சீ, ஃப்யூஸ் மாற்றியோ?"

எடுத்தாச்சா என்று அவன் கேட்கிறான். மாட்டியாச்சா என்று இவள் காதில் விழுகிறது.

"மாட்டிட்டேன்!" என்று இவள் கத்தினாள்.

எடுத்துவிட்டாள் என்று அவன் காதில் விழுந்தது. "ஓகே" என்றான். நான் கையை விடுகிறேன் என்று அதற்கு அர்த்தம். நீ ஓட்டு என்று இவள் எடுத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பி சுவிட்சைப் போட்டாள்.

மலையாளம் தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால் "என்ன?" என்று எழுந்துபோய்க் கேட்டிருப்பாள். தமிழ் தெரியாதவனாக இருந்தால் அவனும் எட்டிப் பார்த்திருப்பான். இரண்டு பேருக்கும் இரண்டும் தெரிந்ததால் வந்த வினை இது.

அவன் அலறிய அடுத்த நொடியே அணைத்துவிட்டாள். அதற்குள் நடுவிரலின் நகம் போய், எலும்பு நொறுங்கியிருந்தது. பக்கத்து விரலும் கிழிந்திருந்தது. சுருளியம்மாள் தன் தலைத்துண்டை உருவிக் கொடுத்தார். அதை இறுகக் கட்டி, அவனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, அந்த மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவளும் மாரீஸ்வரிதான். வழியில் டிஜோ கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எடுத்தாச்சு என்றுதானே சொன்னாய் என்று அழுகிற குரலில் கேட்டானாம்.

"சேச்சி மாற்றி என்னல்லே பறஞ்ஞது?"

"மாட்டிட்டேன்னுதானேப்பா சொன்னேன்."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டிஜோ மேல் ஆத்திரம், அவன் மொழி மேல் ஆத்திரம், மழை மேல்கூட ஆத்திரம். கமிட்டி கூப்பிட்டால் தப்பு அவன் மேல் என்று சொல், மூடியைக் கழற்றியதை அவன்தானே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"ஏங்க, விரல் போனது அவனுக்கு. அவன் மேல பழியப் போட்டு நான் வண்டி ஓட்டணுமா? நீங்க ஒங்க ஜீப்பப் பாருங்க" என்றாள்.

கமிட்டி கூப்பிட்டது. நானும் போய் வாசலில் நின்றுகொண்டேன். சங்கையா டீயைக்கூடக் கேட்கவில்லை, நேராக ஆரம்பித்தார்.

"இதுக்குத்தான் நான் அப்பருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல? ஒருத்தன் கைய வாங்கியாச்சு. இனி கொட்டகைக்கே அனுப்பிருவோம்."

செக்ரட்டரி மலையாளி, நிதானமான மனிதர். "எந்தா உண்டாயது? பறயூ" என்று, என்ன ஆச்சென்று கேட்டார்.

மாரீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். மூடி கழன்றிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டது தன் தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னாள். சங்கையா குறுக்கே விழுந்தார்.

"காதுல விழலைன்னு சாக்கு சொல்றா."

"காதுல விழுந்துச்சு, அதான் வில்லங்கம்" என்று அவள் செக்ரட்டரி பக்கம் திரும்பினாள். "சாரே, நீங்க அந்த ரூமுக்குள்ள போயி, ஃப்யூஸ எடுத்தாச்சான்னு ஒங்க மலையாளத்துல சத்தமாக் கேளுங்க. சங்கையா அண்ணன் இங்கயே இருந்து பதில் சொல்லட்டும்."

செக்ரட்டரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்து பக்கத்து அறைக்குள் போனார். வெளியில் மழை நன்றாகவே பெய்துகொண்டிருந்தது. "ஃப்யூஸ் மாற்றியோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன கேக்குறாருண்ணே?" என்றாள் மாரீஸ்வரி.

சங்கையா அலட்சியமாகச் சொன்னார். "ஃப்யூஸ் மாட்டியாச்சான்னு கேக்குறாரு. இது தெரியாதா?"

செக்ரட்டரி வெளியே வந்தார். அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "சங்கையா, ஞான் எடுத்தோ என்னா சோதிச்சது" என்றார். நான் எடுத்தாச்சா என்றல்லவா கேட்டேன் என்று அர்த்தம். கமிட்டியில் ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டார். சங்கையாவின் முகம் சுண்டியது.

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "வேற ஆளப் போடுறதுன்னா போடுங்க. ஆம்பளையவே போடுங்க. ஆனா அவுகளுக்கும் இதே காதுதான் இருக்கும்" என்றாள். "நான் ஓட்டுறதா இருந்தா, இனி இந்த வண்டியில அந்த ரெண்டு வார்த்தையும் கெடையாது. ஃப்யூஸக் கழட்டுனா, யாரு கை உள்ள போகுதோ அவுக கையில கொண்டுபோயி அதக் குடுத்துருவேன். வாயால சொல்றதே கெடையாது."

வாசலில் நின்ற எனக்கு நெஞ்சு விம்மியது. கை தட்டியிருப்பேன், வீட்டுக்குப் போனால் திட்டுவாள் என்று அடக்கிக்கொண்டேன். செக்ரட்டரி கமிட்டி பக்கம் திரும்பினார். காயம் பட்டது டிஜோவுக்கு, அவன் திரும்பி வரட்டும், இவளோடு வேலைக்குப் போகச் சம்மதமா என்று அவன் சொல்லட்டும், அதுதான் முடிவு என்றார். அதுவரைக்கும் வேன் நிற்கட்டும் என்று சாவியைக் கேட்டார். மாரீஸ்வரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

மறுநாளே கொட்டகையில் காய் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் எந்தக் குழம்பு வைத்தாலும் ஒரே ருசியில் இருந்தது. மனம் அதில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? நான் இரண்டு தடவை டிஜோ வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். கையைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான். வேனைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவன் அம்மா உள்ளேயிருந்து, இனி அந்த வண்டிப் பக்கம் மகனை விடமாட்டேன் என்று எனக்குக் கேட்கும்படியே மலையாளத்தில் சொன்னார். அதை நான் மாரீஸ்வரியிடம் சொல்லவில்லை. அவளோ, அவன் எப்படி இருக்கிறான் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கையெல்லாம் ஆறிய பிறகு ஒருநாள் காலையில் டிஜோ சங்கத்துக்கு வந்தான். செக்ரட்டரியிடமிருந்து போன் வந்ததும் நானும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனேன். சங்கையா முன்னாலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் ஜன்னலில் இருந்தார்கள். மாரீஸ்வரி கையில் ஒட்டிய காய்த் தூசியைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

டிஜோவின் நடுவிரல் மடங்கவில்லை, விறைப்பாக நின்றது. அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வண்டி எடுக்கணும். பெல்ட் புதியது இடணும்" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அறுந்துபோன பெல்ட் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. செக்ரட்டரி சாவியை மாரீஸ்வரியிடம் நீட்டினார். இப்போதைக்கு மட்டும்தான் என்பது போல நீட்டினார்.

டிஜோ மறுபக்கம் போய் மூடியைக் கழற்றினான். கழற்றிவிட்டு, கையை உள்ளே விடாமல் நின்றான். விறைத்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பி நடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

மாரீஸ்வரி வேனுக்குள் ஏறி, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பச்சை ஃப்யூஸைப் பிடுங்கினாள். கையிலிருந்த சாவியையும் அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேனைச் சுற்றிக்கொண்டு போய், டிஜோவின் உள்ளங்கையில் இரண்டையும் வைத்தாள்.

அவன் இரண்டையும் பார்த்தான். ஃப்யூஸை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சாவியை அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.

"இது சேச்சியுடெ கையில் மதி" என்றான். இது உன் கையில் இருந்தால் போதும் என்று அர்த்தம்.

சொல்லிவிட்டு அந்த விறைத்த விரல் உள்ள கையையே பெல்ட்டுக்குள் விட்டான். விட்ட பிறகு அவள் எங்கே நிற்கிறாள், என்ன செய்கிறாள் என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரீஸ்வரி சாவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சங்கையாவும் கொட்டகைப் பெண்களும் பார்க்கப் பார்க்க, சத்தமாக அழுதாள்.